மோர்ஓவர் மாஸ்டரும் முற்றுப்புள்ளிப் பிள்ளைகளும்

கல்முனை பஸ் நிலையத்தடியிலிருந்து சாய்ந்தமருதுப் பக்கமாகப் பிரதான வீதியால் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஓ/எல் பரீட்சை நெருங்கும் காலமென்றால் வெறும் மதில் ஒன்று கண்ணில் படாது. மின்கம்பத்தில், சாத்திக் கிடக்கும் கடைக் கதவில், ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்தியில் எல்லாம் ஆங்கில மாஸ்டர்மார் சிரிக்கிறார்கள். இந்த வெக்கையிலும் கோட், டை, கட்டிய கை. கீழே கொட்டை எழுத்தில்: ‘ஒரே நாள் செமினார். கட்டுரைக்கு முழுப் புள்ளி.’

அந்த ஒரு நாளில் நடப்பது இதுதான். தகரக் கொட்டிலுக்குள் பிள்ளைகள் அடைந்து கிடப்பார்கள். ஒரு மைக், ஆளுக்கொரு ஃபோட்டோகொப்பித் தாள். தாளில் மேலிருந்து கீழாக: ஃபேர்ஸ்ட்லி, மோர்ஓவர், ஃபேர்தர்மோர், ஹவ்எவர், தெயர்ஃபோர், லாஸ்ட் பட் நொட் லீஸ்ட், இன் கொன்க்ளூஷன். பிறகு மாஸ்டரின் அருள்வாக்கு: “மனே, தலைப்பு என்னவா வேணுமென்டாலும் வரட்டும். ஒவ்வொரு பந்தியின்ட தலையிலயும் இதில ஒன்டத் தூக்கி வை. பேப்பர் திருத்துறவர் ஆளே மயங்கிப் போயிடுவார்.”

பிள்ளை தூக்கி வைக்கிறது. ‘மரங்களின் பயன்’ என்று தலைப்பு வருகிறது. பிள்ளை எழுதும் ஆங்கிலத்தின் சாரம்: முதலாவதாக, மரம் நல்லது. மேலும், மரம் நிழல் தரும். அத்துடன், மரம் பழம் தரும். இருப்பினும், மரம் அழகானது. ஆகவே, நான் மரத்தை நேசிக்கிறேன். முடிவாக, மரம் நல்லது.

‘இருப்பினும்’ எங்கிருந்து வந்தது? பழத்துக்கும் அழகுக்கும் என்ன பகை? பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், கள்ளமில்லாமல் பதில் வரும்: “அது நாலாவது பந்தி சேர். தாள்ல நாலாவதா ஹவ்எவர்தான் இருக்கு.” பிள்ளையில் பிழை கிடையாது. மூன்றாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் என்ற பெயரில் அதன் தலையில் ஏற்றி வைத்ததன் மொத்த விளைச்சல் இதுதான். ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளை தச்சு வேலை பழகி வீட்டுக்கு நிலை, கதவு எல்லாம் போட்டுவிடும். நாங்கள் அதே ஒன்பது வருடத்தில் ‘லாஸ்ட் பட் நொட் லீஸ்ட்’ வரைக்கும் வந்திருக்கிறோம்.

இணைப்புச் சொல்லுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. இரண்டு கருத்தை எடுத்து, இவை இரண்டுக்கும் உள்ள உறவு இதுதான் என்று பகிரங்கமாக அறிவிப்பது அந்த வேலை. ‘அன்ட்’ கூட்டும். ‘பட்’ முரணைக் காட்டும். ‘சோ’ விளைவைச் சொல்லும். ‘ஓர்’ தெரிவு தரும். ‘ஃபோர்’, ‘நோர்’, ‘யெட்’ சேர்த்தால் மொத்தம் ஏழு. தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியத்தைச் சரிசமமாக ஒட்டும் அதிகாரம் ஆங்கிலத்தில் இந்த ஏழு பேருக்குத்தான். ‘ஹவ்எவர்’, ‘தெயர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ எல்லாம் பார்வைக்குப் பெரிய மனிதர்கள். ஒட்டும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. முன்னால் ஒரு முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ, பின்னால் ஒரு காற்புள்ளியும் வைத்துத்தான் அவர்களை உள்ளே அழைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் ஓர் அரைப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். பிறைகூட அதைவிடச் சீக்கிரம் தென்படும்.

பிறகு, எங்கள் கரையின் பொதுச்சொத்தான அந்த வாக்கியம்: ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் டு ஸ்கூல்.’ பாண்டிருப்பில் திருநீறு பூசிய பிள்ளையும் இதையே எழுதுகிறது. மருதமுனையில் தொப்பி போட்ட பிள்ளையும் இதையே எழுதுகிறது. இரண்டு சமூகமும் வாழும் நற்பிட்டிமுனையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இதையே எழுதுகிறார்கள். இந்த ஊரில் இவ்வளவு இன ஒற்றுமையை வேறெந்த விசயத்திலும் எந்த அரசியல்வாதியும் உண்டாக்கியதில்லை.

இந்தப் பிழைக்குக் காரணம் மண்டைக் குறைவு என்று நினைப்பவருக்குத்தான் மண்டை குறைவு. ‘மழை பெய்தாலும் பாடசாலைக்குப் போனோம்’ என்னும்போது எங்கள் மொழி முடிச்சை வாக்கியத்தின் நடுவில் போடுகிறது, முதல் வினையின் வாலில். ஆங்கிலம் அதே முடிச்சைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறது. பிள்ளை ‘ஆல்தோ’வைத் தொடக்கத்தில் வைக்கிறது. நடுவுக்கு வந்ததும் தமிழ்க் காது அங்கே ஒரு முடிச்சைத் தேடுகிறது. காணவில்லை என்றதும் ‘பட்’டை எடுத்துக் கட்டிவிடுகிறது. இதுபோலத்தான் இன்னொன்றும். ‘எழும்பி, சுபஹ் தொழுது, பிளேன்டி குடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனான்’ என்பதில் எச்சம் நான்கு, முற்றுவினை ஒன்றே ஒன்று. தமிழுக்கு இது மூச்சு விடுவதைப்போல் இயல்பு. அதை அப்படியே ஆங்கிலத்துக்கு நகர்த்தும் பிள்ளை, எச்சம் இருந்த இடமெல்லாம் ‘அன்ட்’ போட்டு, அன்ட் அன்ட் அன்ட் என்று கடற்கரை வரைக்கும் தள்ளாடிக்கொண்டு போய்ச் சேருகிறது.

இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தை ஒரு பக்கமும் ஆங்கில வாக்கியத்தை மறுபக்கமும் எழுதி, முடிச்சு எங்கே விழுகிறது என்று காட்டினால் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும் சங்கதி இது. ஆனால் அதற்குத் தடை இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் கதைப்பது பாவமாம். கதவில் ‘இங்கிலிஷ் ஒன்லி’ என்று பலகை வேறு. பிள்ளைக்குத் தெரிந்த ஒரேயொரு இலக்கணத்தைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னோர் இலக்கணத்தைப் படி என்கிறார்கள்.

அது போதாதென்று ஆங்கில தினப் போட்டி. மேடையில் ஒரு சின்னப் பிள்ளை கைகளை விரித்து, கண்ணை உருட்டி, உலக சமாதானம் பற்றி முழங்குகிறது. பேச்சை எழுதியவர் மாஸ்டர். திருத்தியவர் மாஸ்டரின் மாஸ்டர். கையை எந்தச் சொல்லில் விரிக்க வேண்டும் என்பதும் பயிற்சி. வெற்றிக் கிண்ணம் அதிபரின் அலுமாரிக்குப் போகிறது. மேடையை விட்டு இறங்கிய பிள்ளையிடம் “உனக்குத் தாகமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் அது உம்மாவின் முகத்தைப் பார்க்கிறது.

ஆசிரியரை மட்டும் ஏசிவிட்டுப் போவது லேசான வேலை. நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கொப்பியையும் திருத்தி, ‘இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்?’ என்று கேட்கும் ஆசிரியைகள் இந்த வலயத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போஸ்டர் கிடையாது. கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். அவர்களுக்கென ஒரு மாதிரி வினாத்தாள் தயாரித்திருக்கிறேன். அமைச்சர்கள், செயலாளர்கள், பணிப்பாளர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டும் விடை எழுதலாம். பொருத்தமான இணைப்புச் சொல்லால் வாக்கியங்களைச் சேர்க்க வேண்டும்.

வினா 1: 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்க ஒக்ஸ்போர்டில் படித்தவர். ‘ஆல்தோ’ போட்டுச் சேர்க்க. கூடவே ‘பட்’ போட்டால் புள்ளி குறைக்கப்படும்.

கல்முனைத் தொகுதியினருக்கு மட்டுமான துணைவினா: அதே ஆண்டுத் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் பெயரால் கேற் முதலியார் காரியப்பரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். அவர் அரசாங்கப் பக்கம் போய் உட்கார்ந்தார். ‘சோ’ போட்டுச் சேர்க்க. காரணம் எது, விளைவு எது என்று மேற்பார்வையாளரிடம் விசாரிக்கக் கூடாது.

வினா 2: 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் ஆங்கிலத்தை நாட்டின் இணைப்பு மொழி என்றது. ஓ/எல்லில் ஆங்கிலம் தவறினாலும் உயர்தரம் படிக்கலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் உண்டு. பல்கலைக்கழகத்துக்கான இசட் புள்ளியில் அது சேராது. பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த பிறகு புத்தகம் ஆங்கிலத்தில். இந்த ஐந்தையும் ‘தெயர்ஃபோர்’ கொண்டு நியாயமான ஒரு பந்தியாக்குக. முடியாதவர்கள் கல்வி அமைச்சில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

வினா 3: 2009-ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று பிரகடனம் செய்தார்கள். ஆங்கிலத்தை எங்கள் முறையில் கதைப்போம் என்று சுலோகமும் வந்தது. அதற்கடுத்து 2010 வந்தது. இணைக்க இங்கே எதுவுமில்லை. ஒரு முற்றுப்புள்ளி வைக்க.

வினா 4: 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்கென்று சவூதி அரேபியாவின் காசில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. வழக்கு எழுந்தது. வீட்டுக்குள் காடு எழுந்தது. மூன்றையும் ஒரே கூட்டு வாக்கியமாக எழுதுக. வீடிழந்தவர்கள் எங்கே என்று கேட்பது பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது.

வினா 5: கல்முனையில் தமிழரும் முஸ்லிமும் பேசுவது ஒரே மொழி. மீன் வாங்குவது ஒரே கடலில். பிரதேச செயலகம் மட்டும் வடக்கு என்றும் தெற்கு என்றும் இழுபடுகிறது. ‘அன்ட்’ போட்டுச் சேர்க்க. (2019 ஜூனில் இந்த வினாவுக்கு விடையெழுத ஒரு பக்கத்தார் உண்ணாவிரதம் இருந்தார்கள், மறுபக்கத்தார் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லை.)

வினாத்தாள் இத்துடன் முடிந்தது. இனிச் சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

தனி வாக்கியத்தால் கும்பிடலாம். ‘மே ஐ கம் இன் சேர்’ என்று வாசலில் நிற்கலாம். ‘தேங்க் யூ சேர்’ என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகலாம். நியாயம் கேட்கத் தனி வாக்கியம் போதாது. ‘ஒப்பந்தத்தில் இவ்வளவு சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இவ்வளவுதான் தந்திருக்கிறீர்கள், ஆகவே மீதியைத் தாருங்கள்.’ உலகத்தில் எழுதப்பட்ட முறைப்பாடு, மனு, வழக்கு, வாதம் எல்லாம் இந்த எலும்பின் மேல் ஏறிய சதைதான். ‘ஆனால்’ என்று சொல்லத் தெரியாதவனுக்கு முரணைக் காட்டத் தெரியாது. ‘ஆகவே’ என்று முடிக்கத் தெரியாதவனுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது.

எங்கள் கரையிலிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் போகிற பொடியன்மார் எத்தனை பேர். ஓ/எல் ஆங்கிலக் கட்டுரையில் மோர்ஓவர் போட்டவர்கள்தான் அவர்களும். மூன்று மாதம் சம்பளம் வராமல் முகாம் அறைக்குள் கிடக்கும்போது, கம்பனிக்கு ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாடு எழுத வேண்டும். மரத்தின் பயன் அங்கே உதவாது. ‘ஐ ஆம் வெரி சேட் சேர். ப்ளீஸ் கிவ் சலரி சேர்.’ பிச்சை கேட்கும் வாக்கியத்தைத்தான் நாங்கள் அவர்களுக்குப் படிப்பித்து அனுப்பினோம். உரிமை கேட்கும் வாக்கியத்தைப் படிப்பிக்கவில்லை. அந்த வாக்கியம் கொழும்பில் பெரிய கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கிறது. நாளைக்கு அவர்கள்தான் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, ‘உங்கள் விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்பட்டது; இருப்பினும்’ என்று எழுதப் போகிறவர்கள். அவர்களின் ‘இருப்பினும்’ சரியான இடத்தில் விழும். நாலாவது பந்தியில்தான் விழும் என்றில்லை.

சுனாமிக்குப் பிறகு நினைவிருக்கிறதா? வெளிநாட்டு நிறுவனங்கள் வெள்ளை வாகனங்களில் இந்தக் கரையெல்லாம் ஓடித் திரிந்தன. எங்கள் மையித்துகளையும் எங்கள் இடிந்த சுவர்களையும் பற்றி ஆங்கிலத்தில் கட்டுக்கட்டாக அறிக்கை எழுதினார்கள். எங்களைப் பற்றி எழுதிய வாக்கியத்தின் வாலில் என்ன முடிவு கட்டப்பட்டிருக்கிறது என்று வாசித்துக் கேள்வி கேட்க ஊரில் எத்தனை பேருக்கு முடிந்தது?

இந்த மண் எப்போதும் இப்படிக் கிடக்கவில்லை. பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்தவர். விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்று, யாழ் நூலைத் தமிழில் எழுதினார். ஒரு மொழியை உள்ளே விட மற்றதைக் கழற்றி வெளியே வைக்கவில்லை. ஏ. எம். ஏ. அஸீஸ் 1942-இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர். யுத்த காலத்தில் நெல் விளைவிக்க அனுப்பப்பட்டவர், இங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் விளைவித்துவிட்டுப் போனார். அவருக்கும் முன்னால், கண்டியிலிருந்து சித்திலெப்பை 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி நடத்தி, ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று பயந்து கிடந்த சமூகத்தோடு வாதாடினார். வாதாடினார் என்பதைக் கவனியுங்கள். காரணம் சொன்னார், மறுப்புக்குப் பதில் சொன்னார், முடிவுக்கு வந்தார். இந்த மூவரின் பெயரைக் கட்டிடங்களுக்கும் மண்டபங்களுக்கும் வைப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை. அந்த மண்டபங்களுக்குள்தான் செமினார் நடக்கிறது.

இனி எங்கள் பக்கம். கல்யாணக் கார்ட்டை ஆங்கிலத்தில் அடிக்கிறோம், மாப்பிள்ளையின் உம்மம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறா. நாலு வயதுப் பிள்ளைக்கு நேசறியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் பட்டமளிப்பு விழா எடுக்கிறோம். அந்தப் பிள்ளை படிக்க வேண்டிய ஒரேயொரு சொல்லை மட்டும் வீட்டில் தடை செய்கிறோம். “ஏன் வாப்பா?” என்று கேட்டால் “வாயாடாத.” வகுப்பில் “ஏன் சேர்?” என்று கேட்டால் “எழும்பி நில்லு.” மதரசாவில், கூட்டத்தில், கட்சி மேடையில் கேட்டால் வேறு பட்டம். தாய்மொழியில் ‘ஏன்’ என்று கேட்கவிடாமல் வளர்த்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ எழுதச் சொல்வதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? காரணம் சொல்லிப் பழகாத வாயில் எந்த மொழியின் இணைப்புச் சொல்லும் ஒட்டாது.

ஆகையால் மாஸ்டர்மாரே, அந்த ஃபோட்டோகொப்பித் தாளைக் கிழியுங்கள். பரீட்சைத் திணைக்களத்தாரே, ‘மோர்ஓவர்’ இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் முன்னும் பின்னும் கருத்து இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தாரே, தமிழில் முடிச்சு எங்கே விழும், ஆங்கிலத்தில் எங்கே விழும் என்று காட்டும் ஒரு பக்கத்தையாவது தமிழ்மொழிப் பிள்ளைக்கு அச்சடித்துக் கொடுங்கள்.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது செலவில்லாத காரியம். இன்றிரவு பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுங்கள். மரத்தையும் இணையத்தின் தீமையையும் விடுங்கள். உங்கள் ஒழுங்கையில் குவிந்து நாறும் குப்பையைப் பற்றி மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். முதலில் தமிழில்: வரி கட்டுகிறோம், ஆனால் குப்பை எடுக்கவில்லை, ஆகவே இந்தத் திகதிக்குள் எடுங்கள். பிறகு அதே நியாயத்தை ஆங்கிலத்தில், தெரிந்த சொல்லில், ஐந்தே வாக்கியத்தில். பிழை இருக்கட்டும், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பதில் வராது. அடுத்த கடிதத்தைப் பிள்ளை ‘ஹவ்எவர்’ என்று தொடங்கட்டும். அந்தச் சொல் எதற்கென்று அதற்குப் பிறகு எந்த மாஸ்டரும் பிள்ளைக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.